ஓசூர் உலைக்கு எம்சிஎக்ஸ் நேச்சுரல் கேஸ் ஹெட்ஜ் பொருந்துமா?

உலைமேடை, ஓசூர் சிப்காட்:

உதிரிபாகம் வாங்கும் பெரிய கம்பெனிகள் ஜாப் ஒர்க் ரேட்டை மூன்று மாதம், ஆறு மாதத்துக்கு ஒருமுறைதான் திருத்துகின்றன. குழாய் கேஸ் விலை நடுவிலேயே மாறிவிடுகிறது. ஹீட் ட்ரீட்மென்ட், டைகாஸ்டிங், ஃபோர்ஜிங் எதுவானாலும் அந்த இடைவெளியில் கரைவது நம் லாபம்.

எம்சிஎக்ஸ் பண்டகச் சந்தையில் நேச்சுரல் கேஸ் ஃபியூச்சர்ஸ் (பின்னால் வரும் மாதத்துக்கு இன்றே விலை பேசும் ஒப்பந்தம்) இருக்கும்போது, அதை வாங்கி ஏற்றத்தை ஈடுகட்டும் ஹெட்ஜ் போடாமல் இதை ஏன் திறந்து போட்டு வைக்கணும்? தினம் 3,000 எஸ்சிஎம் (பில்லில் வரும் கனமீட்டர்) எரிக்கும் கூடம் என்று வையுங்கள். எஸ்சிஎம்முக்கு 9,500 கிலோகலோரி என்றால் 26.5 எஸ்சிஎம் சேர்ந்தது ஒரு எம்எம்பிடியு, சந்தையில் கேஸை விலை பேசும் வெப்ப அளவு. நாளுக்கு 113, மாதத்துக்கு ஏறக்குறைய 3,400 எம்எம்பிடியு. எம்சிஎக்ஸ் ஒப்பந்தம் ஒன்றின் அளவு பெரிய லாட் என்றால் 1,250 எம்எம்பிடியு, மினி என்றால் 250. ஆக, 14 மினி வாங்கி வைத்தால் மாதத் தேவை முழுதும் மூடியாச்சு. பில் ஏறினால் அங்கே வரும் லாபம் ஈடுகட்டும். இதில் என்ன தப்பு?

தொப்பூர் கணக்கு:

பெருக்கல் வகுத்தலில் தப்பில்லை சார். வாங்குற சரக்குதான் வேற.

எம்சிஎக்ஸ் கேஸ் ஒப்பந்தம் ரொக்கத்தில்தான் தீரும், கேஸ் கைக்கு வராது. தீரும் விலை நியூயார்க்கின் நைமெக்ஸ் சந்தையில் ஹென்றி ஹப் ஒப்பந்தம் முடியும் விலை, ரூபாய்க்கு மாற்றியது. ஹென்றி ஹப் லூசியானாவில் உள்ள ஒரு குழாய்ச் சந்திப்பு. அந்த விலையை ஆட்டுவது டெக்சாஸ் குளிரும், வியாழக்கிழமைதோறும் அமெரிக்க அரசு வெளியிடும் கேஸ் கையிருப்புக் கணக்கும். ஓசூருக்கு வரும் கேஸ் பெரும்பாலும் கப்பலில் இறங்கும் எல்என்ஜி, அதாவது குளிர்வித்துத் திரவமாக்கிய கேஸ். இந்திய நீண்டகால ஒப்பந்தங்களில் பெரும்பாலானவை பிரென்ட் என்ற கச்சா எண்ணெய் விலையில் இத்தனை விழுக்காடு என்றுதான் எழுதியிருக்கும். மீதி ஆசிய ஸ்பாட் விலை, அதாவது நீண்ட ஒப்பந்தம் இல்லாமல் அவ்வப்போது வாங்கும் விலை. வீட்டுக்கும் சிஎன்ஜிக்கும் ஒதுக்கும் மலிவான உள்நாட்டு கேஸ் தொழிற்சாலைக்கு வராது.

இரண்டும் எப்படிப் பிரியும் என்பதற்கு 2022 ஜூனைப் பாருங்க. ஜூன் 8 அன்று டெக்சாஸின் ஃப்ரீபோர்ட் எல்என்ஜி ஆலையில் தீ. ஏற்றுமதி நின்றதால் கேஸ் அமெரிக்காவுக்குள்ளேயே தேங்கி, 9 டாலருக்கு மேலிருந்த ஹென்றி ஹப் மாதம் முடிவதற்குள் 6 டாலருக்குக் கீழே இறங்கியது. அதே தீயால் ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் சரக்கு குறைந்து விலை ஏறியது. அப்போது 3 பெரிய லாட் வாங்கி வைத்திருந்தவருக்கு அங்கே ஏறக்குறைய 10 லட்சம் நஷ்டம். ஸ்பாட் கேஸ் வாங்கியவராக இருந்தால் பில்லும் ஏறியிருக்கும். இரண்டு பக்கமும் அடி விழுந்தால் அதை ஹெட்ஜ் என்று சொல்ல முடியாதுங்க.

உலைமேடை:

ஃப்ரீபோர்ட் ஒரு விபத்து. இந்தியாவுக்கு வரும் எல்லா எல்என்ஜியும் பிரென்டில் கட்டியதல்ல. கெயில் நிறுவனம் அமெரிக்காவின் சபீன் பாஸிலிருந்து ஆண்டுக்கு 35 லட்சம் டன் எடுக்கும் 20 ஆண்டு ஒப்பந்தம் ஹென்றி ஹப்பில் 115 விழுக்காடு, அதோடு திரவமாக்கும் கூலி என்ற கணக்கில்தான் போட்டது. 2018 முதல் அந்தக் கப்பல்கள் வருகின்றன. அந்த ஃபார்முலா நம் சப்ளையர் வழியாக நமக்கும் வந்தால்?

தொப்பூர் கணக்கு:

வந்தால் நீங்க சொன்னதுதான் சரி, முழுசா ஒத்துக்கிறேன். 14 மினி மட்டும் போதாது. 3,400ஐ 1.15ஆல் பெருக்கினால் 3,910. அதுக்கு 15 அல்லது 16 மினி. அப்போதும் ஒப்பந்தத்தில் நைமெக்ஸ் மாத முடிவு விலை என்று எழுதியிருக்கா, ஹென்றி ஹப் தினசரி ஸ்பாட் என்று எழுதியிருக்கா பார்க்கணும். 2021 பிப்ரவரி டெக்சாஸ் உறைபனியில் ஸ்பாட் 23 டாலருக்கு மேல் போனது. ஃபியூச்சர்ஸ் 3 டாலரை ஒட்டியே நின்றது.

ஆனால் பில்லில் பிரென்ட் இருந்தால் ஹெட்ஜ் பண்ண வேண்டியது கச்சா எண்ணெயை. இந்த ஒரு பெருக்கலைப் பிடிச்சுக்கிட்டா போதும்: மாத எம்எம்பிடியு × ஸ்லோப் (ஒப்பந்தத்தில் எழுதிய பிரென்ட் விழுக்காடு) = பேரல். ஸ்லோப் 12.5 விழுக்காடு என்றால் 3,400 × 0.125 = 425 பேரல். சரிபார்க்க, பிரென்ட் 70லிருந்து 90க்கு ஏறட்டும். கேஸ் 8.75லிருந்து 11.25 டாலர் ஆகும். 2.50 × 3,400 = 8,500 டாலர் கூடுதல் செலவு. 425 பேரலில் 20 டாலர் லாபமும் அதே 8,500. எம்சிஎக்ஸ் கச்சா பெரிய லாட் 100 பேரல், மினி 10. அதனால் 42 மினி. ஒப்பந்தம் ரூபாயில் ஓடுவதால் ஸ்லோப் பகுதியின் டாலர் ஏற்ற இறக்கமும் அதிலேயே அடங்கிவிடும். ஃபார்முலாவில் கூட்டிச் சேர்க்கும் நிலையான டாலர் தொகை மட்டும் வெளியே நிற்கும்.

எம்சிஎக்ஸில் நடமாட்டம் உள்ள கச்சா டபிள்யூடிஐ என்ற அமெரிக்க எண்ணெய், பிரென்ட் இல்லை. அந்தக் குறை இருக்கத்தான் செய்யுது. ஆனால் அந்த இரண்டும் ஹென்றி ஹப், ஆசிய ஸ்பாட் போல எதிரெதிர் திசையில் மாதக்கணக்கில் ஓடாது.

பர்கூர் பாய்லர்:

ரெண்டு பேரும் எவ்வளவு எரிப்போம் என்பது உறுதி என்று வைத்துக்கொண்டு பேசுறீங்க. கிருஷ்ணகிரி, பர்கூர் மாங்கூழ் ஆலையில் கிளிமூக்கு வரத்து இருக்கும் இரண்டு மூன்று மாதம்தான் பாய்லர் முழு மூச்சில் ஓடும். காய்ப்பு தவறினால் கேஸ் பாதிகூட எரியாது, வாங்கி வைத்த 42 மினி மட்டும் அப்படியே நிற்கும். எரியாத கேஸுக்குப் போட்ட ஹெட்ஜ் வெறும் சூதாட்டம்.

அடுத்தது ரொக்கம். கச்சா 10 டாலர் இறங்கினால் 425 பேரலுக்கு 4,250 டாலர். டாலர் 85 என்று வைத்தாலும் 3.6 லட்சம் நஷ்டத்தை மறுநாள் காலைக்குள் புரோக்கரிடம் கட்டணும். உங்க ஃபார்முலா முந்தைய மூன்று மாத சராசரி என்றால் அந்த இறக்கம் கேஸ் பில்லில் வந்து சேர நாலு மாதம் ஆகும். நாளைக்குப் பணம் போகுது, நாலு மாதம் கழித்து மிச்சம் வருது. சம்பளத் தேதியில் புரோக்கர் பொசிஷனை (வாங்கி வைத்த ஒப்பந்தங்களை) வெட்டிவிட்டால் ஹெட்ஜும் போச்சு, காசும் போச்சு. 2020 ஏப்ரல் 20 அன்று டபிள்யூடிஐ மைனஸ் 37 டாலருக்குப் போய், எம்சிஎக்ஸ் கச்சா மைனஸ் 2,884 ரூபாயில் தீர்ந்ததையும் மறக்கக் கூடாது.

சின்னக் கூடத்துக்கு நல்ல காப்பு எக்ஸ்சேஞ்சில் இல்லை, பர்னரில் இருக்கு. இரட்டை எரிபொருள் பர்னர் போட்டு, புரொப்பேன் தொட்டி வையுங்க. ஒரு எம்எம்பிடியுவுக்கு 21 கிலோ புரொப்பேன். கேஸ் எஸ்சிஎம் 50 ரூபாய் என்று வைத்தால் 50 × 26.5 = 1,325. அதை 21ஆல் வகுத்தால் 63. புரொப்பேன் கிலோ 63க்குக் கீழே கிடைத்தால் மாறு, மேலே போனால் திரும்பி வா. புரொப்பேனுக்கு ஜிஎஸ்டி உள்ளீட்டு வரி திரும்பக் கிடைக்கும். இயற்கை எரிவாயு ஜிஎஸ்டிக்கு வெளியே இருப்பதால் வாட் அப்படியே செலவு. ஒப்பிடும்போது வாட் சேர்த்த கேஸ் விலையையும் ஜிஎஸ்டி கழித்த புரொப்பேன் விலையையும் வையுங்க.

உலைமேடை:

அண்ணா, பாய்லருக்கு அது சரி. ஹீட் ட்ரீட்மென்ட்டில் வால்வைத் திருப்பி மாற்ற முடியாது. கனஅளவுக்குக் கனஅளவு புரொப்பேனில் வெப்பம் இரண்டரை மடங்கு. காற்றோடு கலந்து வாப் எண்ணை (ஒரே நாசிலில் வாயு தரும் வெப்பத்தின் அளவுகோல்) சமப்படுத்தும் மிக்சர் இல்லாமல் அதே நாசிலில் விட்டால் உலையைச் சூடாக்கும் ரேடியன்ட் ட்யூப் ஓட்டையாகும். உலைக்குள் நிரப்பும் காப்பு வாயுவைத் தயாரிக்கும் எண்டோகேஸ் ஜெனரேட்டர் இன்னும் நுட்பம். இயற்கை எரிவாயுவில் ஒரு பங்குக்குக் காற்று சுமார் 2.4 பங்கு, புரொப்பேனில் 7.2 பங்கு. அந்த விகிதத்தை மாற்றாமல் வாயுவை மட்டும் மாற்றினால் வினையூக்கி மேல் கரி படியும், கார்பன் பொட்டன்ஷியல் (எஃகுக்குள் கார்பன் ஏற்றும் அளவு) எகிறும், அந்த லோடு மொத்தமும் ரிஜெக்ட். பர்னர் லைனையும் எண்டோ லைனையும் தனித்தனியாகப் பிரித்து, பர்னரை மட்டும் மாற்றினால்தான் நீங்க சொன்னது நடக்கும். தொட்டிக்கு பெசோ (மத்திய அரசின் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு) உரிமமும் வேணும்.

தொப்பூர் கணக்கு:

அதோடு, புரொப்பேன் விலை சவுதி அராம்கோ மாதம்தோறும் அறிவிக்கும் விலையைப் பின்பற்றுது. எண்ணெய் ஏறினால் அதுவும் பின்னாலேயே ஏறும். கேஸ் தட்டுப்பாட்டுக்கு அது காப்பு. கச்சா ஏற்றத்துக்குக் காப்பு ஆகாது.

பர்கூர் பாய்லர்:

2022இல் எல்என்ஜி ஸ்பாட் மட்டும் தனியாகப் பறந்தபோது மோர்பி செராமிக் ஆலைகள் புரொப்பேனுக்கு மாறித்தான் தப்பித்தன. ஸ்பாட் எண்ணெயை விட்டுப் பிரிந்து ஓடும் நாளில் உங்க 42 மினி கச்சாவால் என்ன பிரயோஜனம்?

தொப்பூர் கணக்கு:

ஸ்பாட் பங்குக்கு ஒண்ணும் இல்லை, உண்மை. அந்தப் பங்குக்கு பர்னர், பிரென்ட் பங்குக்கு கச்சா.

பாலக்கோடு:

பில்லில் எஸ்சிஎம்முக்கு இத்தனை ரூபாய் என்று மட்டும்தான் இருக்கு. சப்ளையர் எந்தக் குறியீட்டில் விற்கிறார் என்று எப்படிங்க கண்டுபிடிக்கிறது? ஐஜிஎக்ஸ் என்ற இந்திய கேஸ் எக்ஸ்சேஞ்சில் நேரடியா வாங்கிக்க முடியாதா?

தொப்பூர் கணக்கு:

தினம் 50,000 எஸ்சிஎம்முக்கு உட்பட்டவர்கள் சந்தை உரிமைக் காலம் (ஒரே நிறுவனம் மட்டும் விற்கும் காலம்) முடியும் வரை அந்தப் பகுதி நகர எரிவாயு நிறுவனத்திடம்தான் வாங்கணும். ஐஜிஎக்ஸ் இப்போதைக்கு நமக்கு இல்லை.

முதலில் கேஸ் விற்பனை ஒப்பந்தத்தின் விலைப் பிரிவைப் படிங்க. ஃபார்முலா இல்லாமல், 'அவ்வப்போது அறிவிக்கும் விலை' என்று இருந்தால் 24 மாத பில்லை எடுங்க. ஒவ்வொரு மாத விலையிலும் வாட்டைக் கழித்து, 26.5ஆல் பெருக்கி, அந்த மாத சராசரி டாலர் மதிப்பால் வகுத்தால் எம்எம்பிடியுவுக்கு டாலர் விலை வரும். பக்கத்துப் பத்தியில் முந்தைய மூன்று மாத பிரென்ட் சராசரி, அடுத்ததில் ஹென்றி ஹப், அதுக்கடுத்து ஆசிய ஸ்பாட். எக்செலில் CORREL என்ற ஒட்டுறவுச் சார்பை ஒவ்வொன்றுக்கும் போடுங்க. மட்டத்துக்குப் போடாமல் மாதத்துக்கு மாதம் மாறிய அளவுக்குப் போடணும், இல்லாவிட்டால் எல்லாமே பொருந்துவது போலக் காட்டும். எந்தப் பத்தியும் 0.8க்குக் கிட்ட வராவிட்டால் எக்ஸ்சேஞ்ச் பக்கமே போக வேண்டாம். அடுத்த புதுப்பித்தலில் ஃபார்முலா விலை கேட்டு வாங்குங்க.

உலைமேடை:

பர்கூர் அண்ணா சொன்ன ரொக்கப் பிரச்சினைக்குப் பதில் வரலையே. கால் ஆப்ஷன் (குறித்த விலைக்கு வாங்கும் உரிமை) வாங்கினால் அதற்குக் கட்டும் பிரீமியத்தோடு முடிந்துவிடாதா?

தொப்பூர் கணக்கு:

முடியும், மார்ஜின் கால் (கூடுதல் ஈட்டுப் பணம் கட்டச் சொல்வது) வராது. ஆனால் எம்சிஎக்ஸ் ஆப்ஷன் லாபத்தில் முடிந்தால் ஃபியூச்சர்ஸாக மாறும், அப்போது முழு மார்ஜின் கேட்கும். முடிவு நாளுக்கு முன்பே விற்றுவிடணும். தொலைமாத ஆப்ஷனில் வாங்க விற்க ஆள் குறைவு.

ரொக்கத்தைக் குறைக்க வேறு வழி இருக்கு, அதை நான் முன்பே சொல்லியிருக்கணும். அளவை எம்ஜிஓவுக்கு மேல் வைக்காதீங்க. எரித்தாலும் எரிக்காவிட்டாலும் காசு கட்ட வேண்டிய குறைந்தபட்ச அளவு அது, 80 விழுக்காடு என்றால் மாதம் 340 பேரல்.

அடுத்து, மூன்று மாத சராசரி உங்க பக்கம்தான் வேலை செய்யுது. டிசம்பர் கடைசியில் ஜனவரி–மார்ச் ரேட் பேசி முடிச்சாச்சு என்று வையுங்க. ஜனவரி கேஸ் விலை அக்டோபர், நவம்பர், டிசம்பர் சராசரி, அது தெரிஞ்ச கணக்கு. பிப்ரவரியில் மூன்றில் இரண்டு பங்கு தெரியும். மார்ச்சில் ஒரு பங்கு தெரியும். மிச்சம் இருக்கும் அபாயம் எல்லாம் சேர்த்து ஒரே ஒரு மாத அளவு. மூன்று மாதத்துக்கு 1,020 பேரல் வேண்டாம், 340 போதும். அதில் 23 மினி ஜனவரி பிரென்டுக்கு, 11 மினி பிப்ரவரிக்கு. ஜனவரியில் வேலைநாளுக்கு ஒன்று வீதம் விற்று வந்தால் சராசரியோடு சேர்ந்தே பொசிஷனும் கரையும். ஒப்பந்தம் 20ஆம் தேதிவாக்கில் முடிவதால் நாலு நாள் முன்பே அடுத்த மாதத்துக்கு மாற்றிடுங்க. மைனஸ் விலையில் மாட்டியவர்கள் கடைசி நாள் வரை வைத்திருந்தவர்கள்தான்.

பர்கூர் பாய்லர்:

34 மினி என்றால் மார்ஜினைத் தாங்கலாம். ரேட் ஆறு மாதத்துக்கு என்றால்?

தொப்பூர் கணக்கு:

ஆறு மாதத்தில் இரண்டு மாதம் முன்பே தெரிந்த கணக்கு, நாலு மாத அபாயம் நிற்கும். 1,360 பேரல், அதாவது 136 மினி. தொலைமாதத்தில் வியாபாரம் இல்லாததால் முன்மாதத்தில் குவித்து மாதாமாதம் உருட்டணும், தூர மாதம் விலை அதிகமாக இருந்தால் உருட்டும்போதெல்லாம் காசு போகும். அந்த அளவுக்கு நான் எக்ஸ்சேஞ்சைச் சொல்ல மாட்டேன். வாங்கும் கம்பெனியிடம் பிரென்ட் 10 டாலர் மாறினால் கிலோ ரேட்டில் இத்தனை பைசா என்று ஒரு வரி சேர்த்துக் கேளுங்க.

உலைமேடை:

அந்தப் பைசாவைக் கணக்குப் போட கிலோவுக்கு எத்தனை எஸ்சிஎம் எரியுது என்று மீட்டர் வைத்து அளந்திருக்கணும். உலைக்கு ஒரு மீட்டர் வைத்து மூன்று மாத அளவீட்டைக் கையில் எடுத்துக்கொண்டுதான் ரேட் பேசப் போகணும்.