வரகு, தினை, கொள்ளு, மொச்சை: நாலும் ஒரே சட்டியில்

கல்யாண ரிசப்ஷன்களில் ‘மில்லட் சூப்’ என்று ஒரு கப்பில் ஊற்றித் தருகிறார்களே, அதைக் குடித்துவிட்டு சிறுதானியமே நமக்கு ஒத்துவராது என்று முடிவு கட்டியவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். அதில் இருப்பது பொடிப்பொடியாக கேரட், பீன்ஸ், அப்புறம் வழவழவென்று இறங்குவதற்காகக் கரைத்து ஊற்றிய கார்ன்ஃப்ளார். தினை ஒரு ஸ்பூன் விழுந்திருந்தால் அதிர்ஷ்டம். நம் தானியத்துக்கும் பருப்புக்கும் கெட்டித்தன்மை தர மாவுக்கரைசலே தேவையில்லை, வேக வைக்கிற விதத்தில் வேக வைத்தால் போதும்.

எனக்கு இந்த சூப் செய்யும் யோசனை வந்ததே புறநானூற்றிலிருந்துதான், சிரிக்காதீர்கள். 335ஆம் பாட்டில் மாங்குடி கிழார், வரகு, தினை, கொள்ளு, அவரை இந்த நாலைத் தவிர வேறு உணவே இல்லை என்கிறார். இரண்டு தானியம், இரண்டு பயறு. படித்தவுடனே, இதை அப்படியே ஒரு சட்டியில் போட்டால் என்ன என்று தோன்றிவிட்டது. மிளகாயும் தக்காளியும் அந்தக் காலத்தில் இந்தப் பக்கமே கிடையாது, இரண்டும் அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்தவை, அதனால் காரத்துக்கு மிளகு, சுக்கு, திப்பிலி மட்டும் என்று வைத்துக்கொண்டேன். பூண்டு, சின்ன வெங்காயம் விஷயத்தில் அவ்வளவு கறார் இல்லை, நான் ஒன்றும் தொல்லியல் பரீட்சை எழுதவில்லையே.

வரகு வாங்க தருமபுரிப் பக்கம் ஒரு சந்தைக்குப் போயிருந்தேன். பாக்கெட்டில் வருகிற மாதிரி வெள்ளைவெளேரென்று இருக்கிறதா என்று கேட்டதற்கு, கடை போட்டிருந்த அம்மா ஒரு பிடி அள்ளி என் உள்ளங்கையில் கொட்டி, “ஊதிப் பாரு கண்ணு” என்றார். ஊதினால் லேசாகப் பழுப்புத் தூள் பறந்தது. “அதான் தவிடு. வெள்ளையா வேணும்னா அரிசியே வாங்கிக்க, எதுக்கு இவ்வளவு தூரம் வந்த?” அதற்குப் பதில் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. கூடவே கொஞ்சம் வரகு நொய்யும் கட்டிக் கொடுத்தார், கஞ்சிக்கு அதுதான் லாயக்காம். சூப்புக்கும் அதுதான் என்பது என் அபிப்பிராயம், முழு வரகு அடியில் தங்கிவிடும், நொய் கலந்து நிற்கும்.

வரகில் விஷம் என்கிறார்களே என்று பயப்படுகிறவர்களுக்கு: 2024 அக்டோபர் கடைசியில் மத்தியப் பிரதேசம் பாந்தவ்கர் புலிகள் காப்பகத்தில் 10 யானைகள் செத்துப்போனதைத்தான் சொல்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பூஞ்சை பிடித்த வரகுப் பயிரை அவை வயலில் நிறைய மேய்ந்திருந்தன, அந்தப் பூஞ்சை நஞ்சுதான் பரிசோதனையில் தெரியவந்தது. நன்றாகக் காய்ந்த, பூசண வாடை இல்லாத வரகை நம்பிக்கையான ஆளிடம் வாங்கினால் போதும். சந்தேகமாக இருந்தால் கழுவிப் பயன்படுத்தலாம் என்று நினைக்காமல் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

சரி, செய்முறை. நாலு பேருக்கு அரை கப் கொள்ளு, கால் கப் வரகு நொய், தினை இரண்டு டேபிள்ஸ்பூன், மொச்சை ஒரு பெரிய கைப்பிடி. அவரையும் மொச்சையும் தாவரவியலில் ஒரே இனம்தான், லாப்லாப் பர்பூரியஸ், அதனால் மொச்சை போட்டால் மாங்குடி கிழார் கோபித்துக்கொள்ள மாட்டார். மார்கழி, தை மாதத்தில் பச்சை மொச்சை கிடைக்கும்போது உரித்து ஊறவைத்துத் தோலைப் பிதுக்கி எடுத்துவிட்டுப் போட்டால் வெண்ணெய் மாதிரி குழையும். வேலை பிடித்த விஷயம்தான், டி.வி. முன்னால் உட்கார்ந்து இரண்டு பேராகச் செய்யுங்கள். மற்ற மாதங்களில் காய்ந்த மொச்சையை ராத்திரியே ஊறப்போடலாம்.

கொள்ளில் அதே நிறத்தில் கல் கிடக்கும், கண்ணை நம்பாமல் தண்ணீரில் அரித்துவிடுங்கள். அரித்ததை உலரவிட்டு, வெறும் வாணலியில் வாசனை வருகிறவரை வறுத்து, மொச்சையோடு ராத்திரி முழுக்க ஊறவைத்து, மறுநாள் இரண்டையும் குக்கரில் ஏழெட்டு விசில். உப்பு இப்போது வேண்டாம். வெந்த கொள்ளில் பாதியை அம்மியிலோ மிக்ஸியிலோ மசித்து வேகவைத்த தண்ணீரிலேயே கலக்கிவிட வேண்டும், சூப்புக்கு உடம்பு வருவது இங்கேதான். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமைக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

அப்புறம் மண்சட்டியில் நல்லெண்ணெய் விட்டு, நெய் வேண்டாம், இது முழுக்கச் செடிகொடியிலிருந்து வருகிற சாப்பாடாகவே இருக்கட்டும், தட்டிய பூண்டும் சின்ன வெங்காயமும் கறிவேப்பிலையும் வதக்கி, வரகு நொய்யையும் தினையையும் அதிலேயே போட்டு இரண்டு மூன்று நிமிடம் புரட்டி, கொள்ளுத் தண்ணீரும் வெந்நீருமாகச் சேர்த்து ஆறு கப் ஊற்றிச் சிறுதீயில் விட வேண்டும். தினை சீக்கிரம் கரைந்துவிடும், நொய் கடைசிவரை பல்லுக்குத் தட்டுப்படும். இந்த இரண்டும் சேர்ந்து வருகிற பதத்துக்காகத்தான் இரண்டு தானியம்.

காரத்தில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். எல்லாப் பொடியையும் ஆரம்பத்திலேயே போட்டுக் கொதிக்கவிட்டால் மிளகின் உறைப்பு மட்டும் மிஞ்சும், மணம் ஆவியோடு போய்விடும். நான் ஒரு டீஸ்பூன் மிளகில் பாதியை நொய்யோடு போடுவேன், மீதியை ஒரு டீஸ்பூன் சீரகத்தோடு சேர்த்துக் கொரகொரவென்று இடித்து இறக்கும்போது தூவுவேன். சுக்கை நசுக்கி முதலிலேயே கொதிக்கவிடலாம். இஞ்சி காயும்போது அதிலுள்ள ‘ஜிஞ்சரால்’ என்கிற காரப்பொருள் ‘ஷோகால்’ என்கிற இன்னொன்றாக மாறி உறைப்பு கூடுவதால் சின்னத் துண்டு போதும், நார் வாயில் சிக்காமல் இருக்கத் துணியில் கட்டிப் போட்டு எடுத்துவிடலாம். திப்பிலி இரண்டே இரண்டு. அது நாக்கில் ஒன்றும் சொல்லாது, விழுங்கிக் கொஞ்ச நேரம் கழித்துத் தொண்டையில் மெதுவாக ஏறும். என் மாமியார் முதல் வாய் குடித்துவிட்டு, “காரமே இல்லையே மாப்பிள்ளை” என்றவர், கப் பாதி காலியாவதற்குள் முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

புளிப்புக்கு எலுமிச்சை பிழிகிறவர்கள் அடுப்பை அணைத்த பிறகு பிழியுங்கள். நான் கொள்ளு ரசத்துக்குப் போடுகிற மாதிரி நெல்லிக்காய் அளவு புளியைக் கரைத்து, நொய் முழுக்க வெந்த பிறகுதான் ஊற்றுகிறேன்.

அரை மணி நேரத்தில் இது இறுகிக் கூழாகிவிடும், பயந்துவிடாதீர்கள். வெந்நீர் விட்டு இளக்கி, உப்பைத் திரும்பச் சரிபார்த்துக்கொண்டு பரிமாறலாம். மறுநாளைக்கு மிஞ்சினால் அதோடு கொஞ்சம் அரிசி மாவு பிசைந்து அடை தட்டிவிடுங்கள், கல்லில் எண்ணெய் தாராளமாக இருக்கட்டும், இல்லாவிட்டால் ஒட்டும்.