நான்காவது சுற்றில் பிரேக் பெடல் இறங்கிவிடுகிறது: எஸ்டீமுக்குப் பெரிய டிஸ்க் போட வேண்டுமா?

கேள்வி: அம்பத்தூர் எஸ்டீம்

அனைவருக்கும் வணக்கம். 2003ஆம் ஆண்டு மாருதி எஸ்டீம் ஒன்றைச் சென்ற ஆண்டு வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டு ஷெட்டிலேயே டிராக் ஓட்டத்துக்காகத் தயார் செய்துவருகிறேன். பந்தயத்தில் இறங்கும் எண்ணம் இப்போதைக்கு இல்லை. சென்னைக்கு அருகிலுள்ள இருங்காட்டுக்கோட்டை பந்தய டிராக்கில் சொந்த வண்டியை ஓட்ட அனுமதி கிடைக்கும் நாட்களில் முறையாக ஓட்டிப் பழக வேண்டும் என்பதுதான் என் ஆசை. ஆர்.சி. புதுப்பித்திருப்பதால் வண்டியைச் சாலையில் ஓட்டியே அங்கே செல்கிறேன்.

1,298 சிசி, 16 வால்வு இன்ஜின் எந்த மாற்றமும் இல்லாமல் 85 பிஎச்பி நிலையிலேயே இருக்கிறது. டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், ரேடியேட்டர் ஹோஸ்கள், இன்ஜின் ஆயில் ஆகியவற்றை மாற்றிவிட்டேன். முன் பிரேக் பேடுகளும் டயர்களும் புதியவை. பிரேக் ஆயிலை மட்டும் மாற்றவில்லை. அளவு குறைந்திருந்ததால் மேலே சிறிது ஊற்றினேன்.

சென்ற மாதம் முதல்முறையாக டிராக்கில் ஓட்டினேன். இரண்டாவது சுற்றிலிருந்தே, வேகமான வலப்பக்கத் திருப்பம் ஒன்றைக் கடந்து அடுத்த முறை பிரேக்கைத் தொடும்போது, பெடல் வழக்கத்தைவிடக் கீழே போய்ப் பிடித்தது. காலை எடுத்து மீண்டும் அழுத்தினால் சரியாக இருந்தது. நான்காவது சுற்றிலோ, நேர்ப்பாதையின் முடிவில் பெடல் பஞ்சுபோல் அமுங்கி ஏறத்தாழ அடிவரை இறங்கிவிட்டது. நல்ல வேளையாகத் திருப்பத்துக்கு வெளியே இடம் இருந்ததால் வண்டி மண்ணில் இறங்கி நின்றது. அரை மணி நேரம் கழித்துப் பார்த்தபோது பெடல் பழைய நிலைக்கே திரும்பியிருந்தது.

என் கேள்விகள் இரண்டு. பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையில் வேறொரு காரின் பெரிய டிஸ்க்கும், பேடுகளால் அதை அழுத்திப் பிடிக்கும் காலிப்பரும் கிடைக்கின்றன. அவற்றைப் பொருத்தினால் இந்தச் சிக்கல் தீருமா? அடுத்து, எங்கள் பகுதியில் கேட் வேலை செய்யும் வெல்டர் ஒருவர், ஒன்றரை அங்குல ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயில் ரோல் கேஜ் (வண்டி கவிழ்ந்தால் உள்ளிருப்பவரைக் காக்கும் குழாய்க் கூண்டு) செய்து தருவதாகச் சொல்கிறார். அதை நம்பலாமா?

பதில் 1: முப்பது ஆண்டுப் பட்டறை

தம்பி, முதலில் நீங்கள் காயமின்றித் திரும்பியது பெரிய ஆறுதல். காலிப்பர் வாங்கப் புதுப்பேட்டைக்குப் போவதற்கு முன், நீங்களே எழுதிய ஒரு வாக்கியத்தைத் திரும்பப் படியுங்கள்: பிரேக் ஆயிலை மாற்றவில்லை, மேலே சிறிது ஊற்றினேன். நான்காவது சுற்றில் நடந்ததற்கான காரணம் அங்கேதான் இருக்கிறது.

நாம் பயன்படுத்தும் டாட் 3, டாட் 4 வகை பிரேக் ஆயில்கள் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல உறிஞ்சிக்கொள்ளும் இயல்புடையவை. டாட் 3 புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் நிற்க வேண்டும் என்பது தர விதி; ஈரம் ஏறிய நிலையில் அந்த வரம்பு 140 டிகிரிதான். டாட் 4 வகைக்கு இவை முறையே 230, 155 டிகிரி. சென்னைக் காற்றின் ஈரத்தில் ஆண்டுக்கணக்காக உட்கார்ந்திருந்த ஆயிலில் மேலே கொஞ்சம் புதியதை ஊற்றுவதால், காலிப்பருக்குள் தேங்கி நிற்கும் பழைய ஆயிலுக்கு எதுவும் ஆகிவிடாது. அது கொதித்து ஆவியானால், ஆவி அமுங்கும் பொருள் என்பதால் பெடல் பஞ்சாகிறது. ஆறியதும் ஆவி மீண்டும் திரவமாவதால் எல்லாம் சரியாகிவிட்டதுபோல் தோன்றுகிறது. பேட் சூடாகிப் பிடிப்பு இழந்திருந்தால் பெடல் கல்போல் இருக்கும், வண்டிதான் நிற்காது. நீங்கள் விவரித்தது அதுவல்ல.

வெப்பம் எவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். உங்களையும் சேர்த்து வண்டியின் எடை 950 கிலோ என்று கொள்வோம். மணிக்கு 140 கிலோமீட்டரிலிருந்து 60க்கு இறக்கும்போது ஏறத்தாழ 5.9 லட்சம் ஜூல் ஆற்றல் வெப்பமாக மாறுகிறது. அதில் நான்கில் மூன்று பங்கை முன் சக்கரங்கள் ஏற்கின்றன என்றும், டிஸ்க் ஒன்று 4 கிலோ என்றும் வைத்துக்கொண்டால், ஒரே ஒரு முறை பிரேக் பிடித்ததில் டிஸ்க்கின் வெப்பம் 100 டிகிரிக்கு மேல் உயர்கிறது. முழுமையாக ஆறுவதற்குள் அடுத்த திருப்பம் வந்துவிடுகிறது. 3.7 கிலோமீட்டர் நீளமும் 12 திருப்பங்களும் கொண்ட டிராக்கில் நான்கு சுற்று ஓட்டியிருக்கிறீர்கள்.

ஆகவே பழைய ஆயிலை முழுவதும் வெளியேற்றி, மூடி திறக்காத புதிய டாட் 4 அல்லது டாட் 5.1 ஊற்றி, நான்கு சக்கரங்களிலும் ஏர் எடுங்கள், அதாவது பிரேக் குழாய்களில் சிக்கிய காற்றை வெளியேற்றுங்கள். டாட் 5 என்று மட்டும் எழுதியிருப்பது சிலிக்கான் வகை. பெயரின் ஒற்றுமையைப் பார்த்து அதை ஊற்றிவிடாதீர்கள். ஏர் எடுக்கும்போது பெடலின் அடியில் ஒரு மரக்கட்டையை வைத்துக்கொள்ளுங்கள். பெடலை மிதிக்கும்போது ஆயிலைத் தள்ளுவது மாஸ்டர் சிலிண்டர். இருபது ஆண்டு ஓடிய சிலிண்டரில், வழக்கமாக அதன் ரப்பர் வாஷர் போகாத அடிப்பகுதியில் துருவும் அழுக்கும் படிந்திருக்கும். பெடலை அடிவரை மிதித்தால் ரப்பர் வாஷர் அந்தச் சொரசொரப்பில் உரசிக் கிழிந்துவிடும். நல்ல நிலையில் வந்த வண்டி, ஏர் எடுத்த மறுநாளே பெடல் இறங்குகிறது என்று திரும்பி வருவதை என் பட்டறையில் பலமுறை பார்த்திருக்கிறேன். வண்டி நிற்கும்போது பெடலைச் சீராக அழுத்திப் பிடித்தால் அது மெதுவாகக் கீழிறங்குகிறதா என்றும் பாருங்கள். வெளியே கசிவு இல்லாமல் இறங்கினால் மாஸ்டர் சிலிண்டரை மாற்றியே ஆக வேண்டும். முன் சக்கரங்களின் ரப்பர் பிரேக் ஹோஸ்கள் வண்டியோடு வந்தவை என்றால் அவற்றையும் மாற்றுங்கள்.

பெரிய டிஸ்க்கில் தவறில்லை. அதிக இரும்பு அதிக வெப்பத்தைத் தாங்கும். ஆனால் அதனுடன் பெரிய பிஸ்டன் கொண்ட காலிப்பரையும் மாட்டினால், அந்தப் பிஸ்டனை நகர்த்த அதிக ஆயில் தேவைப்படும். மாஸ்டர் சிலிண்டர் பழையதாகவே இருப்பதால் பெடல் இப்போதைவிட இன்னும் கீழே போகும். முன் சக்கரங்களின் பங்கு கூடி, பின் டிரம்கள் வேலை செய்யாமல் சும்மா சுற்றும். 13 அங்குல ரிம்முக்குள் காலிப்பர் அடங்குமா என்பது அடுத்த கவலை. அந்தப் பணத்தில் நல்ல பேடும் ஆயிலும் வாங்கிவிட்டு, முன் பம்பரிலிருந்து டிஸ்க்கின் நடுப்பகுதிக்குக் காற்று வர ஒரு குழாய் கொடுத்தாலே உங்கள் வேகத்துக்குப் போதும். கடைசிச் சுற்றைப் பிரேக் தொடாமல் மெதுவாக ஓட்டி ஆறவிடுங்கள். நிறுத்தியதும் ஹேண்ட் பிரேக் போடாமல் சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள்.

பதில் 2: கோவை வெல்டிங்

கேஜ் பற்றிய கேள்விக்கு மட்டும் பதில் எழுதுகிறேன், ஏனென்றால் குழாய் வளைப்பதும் ஒட்டுவதும்தான் என் தொழில். அந்த ஜி.ஐ. குழாய்க் கேஜ் வேண்டவே வேண்டாம்.

ஹார்டுவேர் கடையில் ஒன்றரை அங்குலம் என்று விற்கும் தண்ணீர்க் குழாயின் வெளிவிட்டம் உண்மையில் 48 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் இருக்கும். சுவர்த் தடிமனும் குறைவல்ல. அதனால்தான் பார்ப்பவருக்கு நம்பிக்கை வருகிறது. ஆனால் அந்தக் குழாய் பெரும்பாலும் தகட்டைச் சுருட்டி நீளவாட்டில் ஒட்டிச் செய்யப்படுவது. தண்ணீர் அழுத்தத்தைத் தாங்குவதற்காக உருவான அந்த ஒட்டு, வளைக்கும் இடத்திலும் மோதலிலும் பிளந்துகொள்ளக்கூடும். துத்தநாகப் பூச்சின் மேல் வெல்டிங் வைத்தால் ஒட்டில் துளைகள் விழும். அந்தப் புகையைச் சுவாசிப்பவருக்குக் காய்ச்சலும் வரும். உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் விதிகளில் ஜே பின்னிணைப்பு, 253ஆம் பிரிவு கேட்பது ஒட்டில்லாத, குளிர் நிலையில் இழுக்கப்பட்ட கார்பன் எஃகுக் குழாய். பிரதான வளையத்துக்கு 45 மி.மீ. விட்டமும் 2.5 மி.மீ. தடிமனும், அல்லது 50 மி.மீ. விட்டமும் 2 மி.மீ. தடிமனும். கேஜின் கால்கள் இறங்கும் இடத்தில் குறைந்தது 3 மி.மீ. தடிமனும் 120 சதுர சென்டிமீட்டர் பரப்பும் உள்ள வலுத்தகடு வேண்டும். அது இல்லையென்றால், கவிழும் வண்டியில் கேஜ் மடங்காது. துருப்பிடித்த தரைத் தகட்டைக் குத்திக்கொண்டு அதன் கால் கீழே இறங்கும்.

சரியான குழாயிலேயே செய்தாலும், சாலையில் ஓட்டும் வண்டிக்குக் கேஜ் பொருந்தாது என்பதே என் உறுதியான கருத்து. டிராக்கில் தலையில் ஹெல்மெட் இருக்கும். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் ஹெல்மெட் இல்லாமல் போகும்போது பின்னாலிருந்து ஒரு லாரி இடித்தால், உங்கள் தலை போய் மோதும் முதல் பொருள் அந்த இரும்புக் குழாய்தான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவும் நிறுவனத்தின் விவரங்களுக்கு மாறான மாற்றங்களைத் தடுக்கிறது. வழக்கமான காப்பீட்டுப் பாலிசி பந்தயத்தையும் வேகச் சோதனையையும் விலக்கிவைத்திருக்கிறது என்பதையும் ஒருமுறை படித்துக்கொள்ளுங்கள். வண்டியை டிரெய்லரில் ஏற்றிச் செல்லும் நிலை வரும்போது கேஜ், பக்கெட் சீட், ஆறு முனை பெல்ட், தீயணைப்பான் ஆகிய நான்கையும் ஒன்றாகவே செய்யுங்கள். அதுவரை வண்டியோடு வந்த சீட்டும் மூன்று முனை பெல்ட்டும் ஒன்றுக்கொன்று பொருந்த வடிவமைக்கப்பட்டவை, அவற்றைக் கலைக்காதீர்கள்.

இன்ஜினை மாற்றாமல் வைத்திருக்கிறீர்கள் என்பதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. எங்கள் ஊரில் பந்தயக் கார் வடிவமைப்பாளர் கரிவர்தன் வெறும் மாருதி 800 இன்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி என்ற பந்தயக் கார்களைக் கட்டினார். அந்தச் சிறிய மூன்று சிலிண்டர் இன்ஜினில் ஓட்டிப் பழகியவர்கள் இந்த நாட்டின் பந்தயங்களில் பெயர் வாங்கினார்கள். செட்டிப்பாளையத்தில் அவர் பெயரிலுள்ள டிராக்கைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு அந்த நினைவு வரும்.

பதில் 3: வீல் பேரிங்

ஆயில் பற்றி முதல் பதிலில் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் நண்பர் விவரித்திருப்பது ஒரு கோளாறு அல்ல, இரண்டு கோளாறுகள் என்று எனக்குத் தோன்றுகிறது. இரண்டாவது சுற்றிலேயே, அதுவும் வலப்பக்கத் திருப்பத்துக்குப் பிறகு மட்டும், பெடல் கீழே போயிருக்கிறது. இரண்டாம் முறை அழுத்தியதும் சரியாகியிருக்கிறது. கொதித்த ஆயில் திருப்பம் பார்த்துக் கொதிக்காது.

சக்கரத்தைத் தாங்கும் பேரிங் தேய்ந்து, திருப்பத்தில் ஹப் (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி) சற்றே சாய்ந்தால் அதனுடன் டிஸ்க்கும் சாய்ந்து, பேடையும் பிஸ்டனையும் பின்னால் தள்ளிவிடும். அடுத்த அழுத்தத்தில் பாதி அந்த இடைவெளியை மூடவே செலவாகிறது. இரண்டாவது அழுத்தம்தான் பிரேக்காகிறது. வலப்பக்கத் திருப்பத்தில் எடை முழுவதும் இடது முன் சக்கரத்தில் விழுவதால், அந்தப் பேரிங்கின் மேல்தான் என் சந்தேகம்.

வண்டியை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு, சக்கரத்தின் மேல்பக்கத்தையும் கீழ்பக்கத்தையும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால், ஒருவரைப் பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். அப்போது ஆட்டம் மறைந்தால் பேரிங். மறையாமல் இருந்தால் பால் ஜாயின்ட் அல்லது புஷ். டிராக்கில் எப்படியிருந்தாலும், நேர்ப்பாதையின் முடிவை நெருங்கும்போது இடது காலால் பெடலை ஒருமுறை மெல்லத் தொட்டுப் பார்க்கும் பழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவரின் மறுமொழி: அம்பத்தூர் எஸ்டீம்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஐந்து வாரங்களுக்குப் பிறகு, செய்து பார்த்ததை எழுதுகிறேன்.

இடது முன் சக்கரத்தில் ஆட்டம் இருந்தது. பிரேக்கை அழுத்தியதும் மறைந்தது. பேரிங்கைக் கழற்றியபோது உள்வளையத்தில் குண்டுகள் ஓடும் பாதை குழிகுழியாக இருந்தது. வலது பக்கம் நன்றாக இருந்தாலும் இரண்டையும் மாற்றிவிட்டேன். பிரேக் ஆயில் முன் காலிப்பர்களிலிருந்து கருப்புக் காப்பிபோல் வந்தது. தெளிவாக வரும்வரை ஒரு லிட்டருக்கு மேல் செலவானது. மரக்கட்டை வைத்துத்தான் மிதித்தேன். ரப்பர் ஹோஸ்கள் இரண்டின் மேலும் வெடிப்புகள் விழுந்திருந்ததால் அவற்றையும் மாற்றினேன். பெரிய டிஸ்க் வாங்கவில்லை. வெல்டர் அண்ணனிடம் நேரில் போய்க் காரணங்களைச் சொல்லி, கேஜ் வேண்டாம் என்று தெரிவித்தேன், அவரும் புரிந்துகொண்டார்.

நேற்று மீண்டும் இருங்காட்டுக்கோட்டை சென்று, ஐந்து சுற்று ஓட்டி ஒரு சுற்று ஆறவிடுவது என்ற முறையில் மூன்று முறை ஓட்டினேன். பெடல் ஒருமுறைகூட இறங்கவில்லை. கடைசி ஓட்டத்தின் முடிவில் பேட் வாடை வந்தது, ஆனால் பிடிப்பு குறையவில்லை. இப்போது பிரேக்கை நம்பி இன்னும் தாமதமாக அழுத்த முடிவதால், முன் டயர்களின் வெளி விளிம்பு மட்டும் வேகமாகத் தேய்வது தெரிகிறது. இரண்டு டயர்களிலும் வெளிப்பக்கம் உள்பக்கத்தைவிடக் கைக்கே சூடாக இருந்தது. கேம்பர் (சக்கரத்தின் சாய்வு) அளவுகளை எடுத்துக்கொண்டு அதைத் தனி இழையில் கேட்கிறேன்.