5எஸ் முடித்தும் ரிஜெக்‌ஷன் குறையவில்லையே?

துளைக்காரன்:
சிஎன்சி ஷாப் (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் உலோகத்தை வெட்டும் மெஷின்கள் உள்ள பட்டறை) ஒன்றில் தர ஆய்வு பார்க்கிறேன். வேலையிடத்தை ஒழுங்காகவும் சுத்தமாகவும் வைக்கும் 5எஸ் முறையை முடித்தாயிற்று. தரையில் மஞ்சள் கோடு, டூல்களுக்குத் தனிப் பலகை, சுவரில் சார்ட் என்று பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ரிஜெக்‌ஷன் மட்டும் அப்படியே நிற்கிறது. 500 பீஸ் ஓட்டி முடித்து ஆய்வுக்கு வரும்போதுதான் துளை இடம் மாறிப்போனதே தெரிகிறது. பாதிக்கு மேல் ஸ்கிராப். இன்னும் இரண்டு இன்ஸ்பெக்டர் போடலாம் என்கிறார் முதலாளி. சரிவருமா?

மைக்ரோமீட்டர்:
கெட்ட பீஸ் வெளியே போவது குறையும். உள்ளே உருவாவது குறையாதே சார்.

பழைய செட்டர்:
500 என்றீர்களே, அங்கேதான் சிக்கல். டொயோட்டாவில் தாயிச்சி ஓனோ ஏழு வகை விரயங்களைச் சொன்னார். தேவைக்கு மேல் செய்து குவிப்பதைத்தான் அதில் ஆக மோசம் என்றார், மற்ற விரயங்களை அது மூடி மறைத்துவிடுவதால். 50 ஓட்டியதும் அடுத்த மெஷினுக்குத் தள்ளுங்கள். தப்பு அன்றைக்கே தெரிந்துவிடும்.

ஏன் 500 ஓட்டுகிறார்கள்? செட்டிங் மாற்ற, அதாவது அடுத்த வகைப் பீஸுக்கு மெஷினைத் தயார் செய்ய, நேரம் பிடிக்கிறது, அதனால்தான். ஜப்பானியப் பொறியாளர் ஷிகியோ ஷிங்கோ காட்டிய வழி எளிது: மெஷின் ஓடும்போதே செய்யக்கூடிய வேலையையும், நின்றால்தான் செய்ய முடிகிற வேலையையும் பிரித்துவிடுங்கள். நான் பார்த்த பல இடங்களில் மெஷினை நிறுத்திவிட்டுத்தான் ஆலன் கீ தேடவே கிளம்புவார்கள். பீஸைப் பிடித்து நிறுத்தும் அடுத்த ஃபிக்ஸ்சர், அளந்து வைத்த டூல், டிராயிங் எல்லாம் முன்கூட்டியே டிராலியில் வந்து நிற்கட்டும்.

துளைக்காரன்:
ஆபரேட்டர்களுக்கு பீஸ் கணக்கில்தான் இன்சென்டிவ். அடிக்கடி செட்டிங் மாற்றினால் எண்ணிக்கை விழும். ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

பழைய செட்டர்:
எப்படி ஒத்துக்கொள்வார்கள்? நிறுத்தினால் காசு போகும் என்றால் நானும் நிறுத்த மாட்டேன். சகிச்சி டொயோடாவின் 1924-ஆம் வருட ஜி வகைத் தறி, நூல் அறுந்ததும் தானே நின்றுவிடும். தறிக்கு இன்சென்டிவ் கிடையாது, பாருங்கள்! நல்ல பீஸை மட்டும் எண்ணி, செட்டிங் நேரத்தையும் வேலையாகவே கணக்கில் எடுக்கச் சொல்லுங்கள்.

அப்புறம், துளை ஏன் நகர்ந்தது? பீஸ் சரியாக உட்கார்ந்திருக்காது. ஏன் உட்காரவில்லை? பெரும்பாலும் பீஸைச் சரியான இடத்தில் நிறுத்தும் லொகேட்டிங் பின்னின் அடியில் சிப்ஸ், அதாவது உலோகச் சீவல், சேர்ந்திருக்கும். ஏன் சேர்கிறது? சூட்டைத் தணித்து சீவலைக் கழுவும் கூலன்ட் அங்கே படுகிறதா என்று பாருங்கள். இப்படி ஏன் ஏன் என்று கேட்டுக்கொண்டே போனால், கடைசியில் கூலன்ட் நாஸிலைக் கொஞ்சம் திருப்பிவிடுவதோடு வேலை முடிந்துவிடலாம். அதற்கு இரண்டு இன்ஸ்பெக்டர் எதற்கு?

துளைக்காரன்:
நாளைக்கே ஃபிக்ஸ்சரைக் கழற்றிப் பார்க்கிறேன். இன்சென்டிவ் பேச்சை நான் எடுத்தால் எடுபடாது சார். ஸ்கிராப்பை எடை போட்டு, பணமாகக் கணக்கிட்டுக் காட்டட்டுமா?

பழைய செட்டர்:
காட்டுங்கள். மெட்டீரியல் விலையோடு நிறுத்திவிடாதீர்கள், அந்தப் பீஸ்களுக்காக மெஷின் ஓடிய நேரத்தையும் சேர்த்துப் போடுங்கள்.