மறு: 'மாற்றுரை' வேண்டாம், 'பதிலாள் இடைவெளி' என்று வைப்போம்

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

அமெரிக்கக் கால்பந்தில் முதன்மை குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) காயம்பட்டு உட்கார்ந்துவிட்டால், அவர் இடத்தில் இறங்கியவரின் ஆட்டத்தைப் பார்த்து முன்னவரை எடைபோடுகிறார்கள். அதற்கு ஒரு சொல் தேடுகிறோம். இதுவரை வந்தவற்றில் 'மாற்றுரை'க்குத்தான் ஆதரவு கூடுதலாக இருக்கிறது. அழகான சொல், மறுக்கவில்லை. பதிலாக வருவதும் மாற்று, பொன்னின் தரமும் மாற்று, அதை உரைத்துப் பார்ப்பது உரைகல். மூன்றும் ஒரே சொல்லில் வந்து உட்கார்ந்துவிட்டன.

ஆனால் எந்தப் பொன்னைத் தேய்த்தாலும் உரைகல் அதே கல்தான். அதனால்தான் அது சொல்வதை நம்புகிறோம். குவார்ட்டர்பேக் விஷயத்தில் கல்லே அணிக்கு அணி வேறு. இந்தச் சொல்லை ஏற்றால், பதிலாள் எப்படி ஆடினாலும் அது முன்னவரின் தரத்துக்குச் சான்று என்று நாமே முத்திரை குத்திக் கொடுத்ததாகிவிடும்.

இந்த வாதத்தில் எப்போதும் எடுத்து வைக்கப்படும் இரண்டு பருவங்களைப் பாருங்கள். 2007-இல் நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் முறைப்பருவத்தின் (இறுதிச் சுற்றுகளுக்கு முந்தைய கட்டம்) 16 போட்டிகளையும் வென்றது. அதன் குவார்ட்டர்பேக் டாம் பிரேடி 50 டச்டவுன் (புள்ளி தரும் எறிவு) எறிந்தார். 2008-இன் முதல் போட்டியிலேயே, கான்சாஸ் சிட்டிக்கு எதிராக, அவருடைய முழங்கால் போய்விட்டது. உள்ளே வந்த மேட் காசல் பல்கலைக்கழகத்தில்கூட ஒரு போட்டியையும் குவார்ட்டர்பேக்காகத் தொடங்கியவர் அல்லர். அவரை வைத்துக்கொண்டு அணி 11 வென்று 5 தோற்றது. இன்னொரு பக்கம் 2011-இல் இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ். கழுத்து அறுவை சிகிச்சையால் அதன் குவார்ட்டர்பேக் பெய்டன் மேனிங் அந்தப் பருவம் முழுக்க ஆடவில்லை. முந்தைய ஆண்டு 10 வென்ற அணி, முதல் 13 போட்டிகளையும் வரிசையாகத் தோற்று, கடைசியில் 2 வெற்றியோடு நின்றது.

'மாற்றுரை' கணக்கில் இதை எப்படிப் படிப்பார்கள்? பிரேடி போனதில் 5 வெற்றி குறைந்தது, மேனிங் போனதில் 8 குறைந்தது, ஆகவே மேனிங்தான் அசல் தங்கம், பிரேடி பயிற்சியாளர் பெலிச்சிக்கின் ஏற்பாட்டில் மின்னியவர் என்று. அன்றைக்கு இதை உண்மையாகவே பலர் சொன்னார்கள்.

வெற்றியை விட்டுவிட்டுப் புள்ளிகளைப் பார்த்தால் படம் மாறுகிறது. பேட்ரியாட்ஸ் 2007-இல் எடுத்தது 589 புள்ளி, 2008-இல் 410. போட்டிக்குச் சுமார் 11 புள்ளி குறைவு, இது பெரிய சரிவு. அது வெற்றிக் கணக்கில் அவ்வளவாகத் தெரியாமல் போனதற்கு அட்டவணையும் ஒரு காரணம். அந்த ஆண்டு அவர்கள் எதிர்கொண்ட, லீகின் இரண்டு மேற்குப் பிரிவுகளிலும் முதலிடம் பிடித்த அணிகளின் வெற்றி-தோல்விக் கணக்கே 8-8, 9-7 தான். கோல்ட்ஸ் பக்கம் காரணம் வேறு. களத்தில் நின்றபடியே அடுத்த நகர்வு என்ன என்று மாற்றி மாற்றிச் சொல்லும் மேனிங்குக்காகவே அமைந்த தாக்குதல் முறை அது. அதில் ஒரே பருவத்தில் மூன்று பேரைத் தொடக்கத்தில் இறக்கிப் பார்த்தார்கள். சரிவில் எவ்வளவு மேனிங் இல்லாததால், எவ்வளவு நல்ல பதிலாளைத் தயார்செய்யாததால் என்று யார் பிரிப்பது? 2020-இல் பிரேடி டாம்பா பேக்குப் போய் அதே பருவத்தில் சூப்பர் பௌல் எனும் இறுதிப் போட்டியை வென்றார். அவரை விட்ட பேட்ரியாட்ஸுக்குக் கிடைத்தது 7-9. 2008-ஐ மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதியவர்கள் இதற்கு என்ன பதில் வைத்திருந்தார்கள்?

இன்னும் சிக்கலானது 2017 ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ். டிசம்பரில் அதன் முதன்மை குவார்ட்டர்பேக் கார்சன் வென்ட்ஸ் காயம்பட்டார். நிக் ஃபோல்ஸ் வந்து, இறுதிப் போட்டியில் பேட்ரியாட்ஸை 41-33 என்று வீழ்த்தி, ஆட்ட நாயகனும் ஆனார். அப்படியானால் வென்ட்ஸ் மாற்றுக் குறைந்தவரா? இதே ஃபோல்ஸ் 2013-இல் இதே அணிக்கு 27 டச்டவுன் எறிந்து, எறிந்த பந்தை இரண்டே முறை எதிரணியிடம் இழந்தவர். பெஞ்சில் அப்படி ஒருவர் இருந்தது வென்ட்ஸின் குறையாகாது.

ஆகவே என் முன்மொழிவு 'பதிலாள் இடைவெளி'. முன்னவர் ஆடியபோதும் பதிலாள் ஆடியபோதும் அணிக்குக் கிடைத்த விளைவுகளின் வித்தியாசம், அவ்வளவுதான் பொருள். அந்த இடைவெளிக்குள் முன்னவரின் திறமை இருக்கும், பதிலாளின் திறமை இருக்கும், பயிற்சியாளர், அட்டவணை எல்லாமே இருக்கும். எது எவ்வளவு என்று இந்தச் சொல் அடித்துச் சொல்லாது. "2008-இல் பதிலாள் இடைவெளி போட்டிக்கு 11 புள்ளி" என்று எழுதிப் பாருங்கள், தடங்கல் இல்லாமல் போகிறது. "பிரேடியின் மாற்றுரை 11 புள்ளி" என்றால் படிப்பவருக்கு வேறு ஏதோ புரியும்.

'மாற்றாள்' என்று ஏன் வைக்கவில்லை என்று அம்மையார் ஒருவர் நிச்சயம் கேட்பார். அதை வேறொன்றுக்காக ஒதுக்கி வைக்க விரும்புகிறேன். பேஸ்பால் புள்ளியியலில், குறைந்த சம்பளத்துக்கு எந்த அணிக்கும் எளிதாகக் கிடைக்கும் ஒரு கற்பனை வீரரை வைத்து எல்லாரையும் அளக்கிறார்கள். அவர் யாருடைய பெஞ்சிலும் உட்கார்ந்திருப்பவர் அல்லர், எல்லா அணிக்கும் பொதுவான அடிமட்டம். அதை 'மாற்றாள் மட்டம்' என்போம். உரைகல்லுக்குக் கொஞ்சமாவது நெருங்கி வருவது அதுதான். பெஞ்சில் நிஜமாக இருப்பவர் பதிலாள், கணக்கில் மட்டும் இருப்பவர் மாற்றாள். இரண்டையும் ஒரே சொல்லால் குறித்தால் மேலே சொன்ன குழப்பம் அகராதி வரை வந்துவிடும்.

அப்புறம், 'தொடக்க வீரர்' என்று சிலர் எழுதியிருந்தீர்கள். கிரிக்கெட்டில் அது இன்னிங்ஸைத் தொடங்கும் மட்டையாளர் என்று ஊறிவிட்டது. 'முதன்மை குவார்ட்டர்பேக்' என்றே எழுதலாம் என்பது என் எண்ணம். குவார்ட்டர்பேக்கைத் தமிழாக்கும் முயற்சிக்குத் தனி இழை தொடங்குங்கள், அங்கே வருகிறேன்.