மறு: ‘ரீசர்ஃபேசிங்’ – மறுபூச்சா, உட்பூச்சு மாற்றா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

நீச்சல் குளத்தின் தேய்ந்துபோன உட்பரப்பைச் சீராக்கிப் புதிதாகப் பூசும் ‘ரீசர்ஃபேசிங்’ வேலைக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று சென்ற வாரம் நம் கலைச்சொல் குழுவில் கேட்டிருந்தேன். ‘மறுமேற்பரப்பாக்கம்’, ‘மறுபூச்சு’, ‘மீள்பூச்சு’, ‘அகணி மாற்றம்’ என நான்கு சொற்கள் வந்திருக்கின்றன. சொல்பட்டியலில் ஒரு வெற்றிடத்தை நிரப்புவதற்காக நான் இதைக் கேட்கவில்லை. ஒரு சொல்லின் தெளிவின்மையால் என் அத்தான் வீட்டில் ஒரு வேலை முழுவதும் வீணாய்ப் போனதை அருகிலிருந்து பார்த்தவன் என்பதால் கேட்டேன். ஆகவே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்தருள வேண்டும்.

அத்தானின் வீடு பாளையங்கோட்டைப் பக்கம், பாளையங்கால்வாயை ஒட்டி இருக்கிறது. வளைகுடாவில் பல ஆண்டுகள் வேலை பார்த்துத் திரும்பியவர், 2009-இல் புறவாசலில் 24 அடி நீளமும் 12 அடி அகலமும் உள்ள குளம் ஒன்றைக் கட்டினார். நம் பக்கத்தில் இதற்குப் பெரும்பாலும் டைல்ஸ்தான் பதிப்பார்கள் என்றாலும், அவர் தாம் அங்கே பார்த்தபடி வெள்ளைச் சிமென்டும் பளிங்குத் தூளும் கலந்த காரையையே விரும்பிப் பூசச் செய்தார். பத்து ஆண்டுகளில் அது சொரசொரத்துப் பிள்ளைகளின் உள்ளங்காலையும் முழங்காலையும் சிராய்க்கத் தொடங்கியது. மூலைகளில் பொருக்கு விட்டு உதிர்ந்தது. 2019-இல் வேலையை எடுத்துக்கொண்ட ஒப்பந்தக்காரர் கொடுத்த மதிப்பீட்டுத் தாளில் ‘ரீசர்ஃபேசிங்’ என்ற ஒற்றைச் சொல்லும், அதற்கு நேரே தொகையும் மட்டுமே இருந்தன. பழைய காரையை எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசுவது என்று அத்தான் அதைப் புரிந்துகொண்டார். நடந்ததோ, பழைய காரையைக் கழுவிவிட்டு அதன்மேலேயே எபாக்சி என்னும் பிசின் வண்ணத்தை இரண்டு தடவை அடித்தது. இரண்டு ஐப்பசி மழை கழிவதற்குள் அது கொப்புளம் கொப்புளமாக எழும்பி, கையால் இழுத்தால் பழைய காரையின் மாவையும் ஒட்டிக்கொண்டு தாள்தாளாக உரிந்து வந்தது. கேட்டபோது, அந்தச் சொல்லுக்கு அதுதான் பொருள் என்றார் ஒப்பந்தக்காரர். வேலையில் குறை இருந்தது உண்மை. ஆனால் அந்தச் சொல் இரண்டு வேலைகளுக்கும் இடம் கொடுக்கிறது என்பதும் உண்மை.

நாம் ஆக்கும் தமிழ்ச்சொல் அந்த மயக்கத்தையும் சேர்த்துக் கொண்டுவந்துவிடக் கூடாது என்பதே என் முதல் வேண்டுகோள். பழையதை எடுப்பது வேலையில் அடங்குமா, அடங்காதா என்பதைச் சொல்லே காட்ட வேண்டும்.

இந்த உரைகல்லில் ‘மறுமேற்பரப்பாக்கம்’ நிற்காது. ஆங்கிலச் சொல்லின் உறுப்புகளை ஒவ்வொன்றாகப் பெயர்த்து வைத்தது அது. குளத்துக்குள் நிற்பவருக்கு எது மேல், எது உள் என்பதும் அதில் தெளிவாக இல்லை. ‘மறுபூச்சு’ எளியது, அழகியது. ஆனால் பெயின்டரிடம் அந்தச் சொல்லைச் சொன்னால், முதல் தடவை அடித்துக் காய்ந்தபின் அடிக்கும் இரண்டாம் தடவை என்றே எடுத்துக்கொள்வார். 2019-இல் நடந்த தவறு தமிழ்ப் பெயரோடு மறுபடியும் நடக்கும். யாழ்ப்பாணத்து நண்பர் முன்வைத்த ‘மீள்பூச்சு’க்கும் இதுவே தடை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். திரும்பச் செய்வதைக் குறிக்க ஒவ்வொரு முறையும் ‘மறு’வோ ‘மீள்’ என்பதோ முன்னால் வர வேண்டும் என்ற எண்ணம் தமிழின் வழக்கத்திலிருந்து வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. பித்தளைப் பாத்திரத்தின் உள்ளே ஈயம் தேய்ந்து போனால், ‘ஈயம் பூசக் கொடுத்திருக்கிறேன்’ என்றுதான் எங்கள் ஆச்சி சொல்லுவாள். ‘மறு’ என்ற பேச்சே இல்லை. அம்மி தேய்ந்தால் கொத்துகிறோம். பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடிக்கிறோம். வேலையின் இயல்பே திரும்பத் திரும்பச் செய்வது என்பதால் வினை மட்டும் போதுமானதாக இருந்தது. ஈயம் பூசுவது நம் பொருளுக்கு மிக நெருங்கிய உவமை என்பதையும் கவனிக்க வேண்டும்: உள்ளே இருப்பதற்கும் பாத்திரத்துக்கும் நடுவே ஒரு மெல்லிய தடுப்பு, அது தேயத் தேயப் புதுப்பிப்பது, பூசுமுன் பழைய களிம்பை மண் போட்டுத் தேய்த்து எடுப்பது எல்லாம் அதில் இருக்கின்றன.

பழையதை நீக்கிப் புதியதை வைப்பதற்கு நம் பேச்சில் வழங்கும் சொல் ‘மாற்றுதல்’. ஓடு மாற்றுகிறோம், கூரை மாற்றுகிறோம், உலக்கைக்குப் பூண் மாற்றுகிறோம். ஓடு மாற்றியதாகச் சொல்பவர் பழைய ஓட்டின்மேல் புதிய ஓட்டை அடுக்கியதாக யாரும் நினைப்பதில்லை. ஆகவே ‘உட்பூச்சு மாற்றுதல்’ என்ற வினையையும் ‘உட்பூச்சு மாற்று’ என்ற பெயரையும் நான் முன்வைக்கிறேன். ‘மாற்று’ என்றால் ‘வேறொரு வழி’ என்ற பொருள் வராதா என்று ஒரு நண்பர் கேட்கக்கூடும். முன்னே நிற்கும்போதுதான் அந்தப் பொருள் வருகிறது: மாற்று வழி, மாற்று ஏற்பாடு. பின்னே நிற்கும்போது ஒன்றைக் கொடுத்து ஒன்றைப் பெறும் பொருளே நிற்கிறது. பண்டமாற்று அப்படி அமைந்த சொல்தான்.

பூசப்படுவது சிமென்டுக் கலவையாக இருந்தால் இன்னும் குறிப்பாகக் ‘காரை மாற்று’ எனலாம். திருநெல்வேலிச் சீமையில் ‘காரை வீடு’ என்றால் விளக்கம் தேவையில்லை. ‘காரை பெயர்ந்துவிட்டது’ என்று எழுதாத நாளிதழும் இல்லை. பொறியியல் தமிழிலும் கான்கிரீட்டுக்குக் ‘கற்காரை’ வேரூன்றிவிட்டது. 1930-களில் திருநெல்வேலியை இருப்பிடமாகக் கொண்டு இயங்கிய சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம், 1938-இல் வெளியிட்ட கலைச்சொல் தொகுதியில் பள்ளிப் பாடங்களுக்கான சொற்களைத் திரட்டித் தந்தது. ஆனால் கட்டட வேலைக்கான சொற்கள் பெரும்பாலும் கொத்தனார்களின் வாயில்தான் இருக்கின்றன. அங்கே போய்த்தான் நாம் எடுத்துவர வேண்டும்.

அப்படி எடுத்த ஒரு வாக்கியத்தைத் தருகிறேன். 2022 சித்திரையில் வேலையை இரண்டாம் முறை எடுத்துச் செய்த முதிய கொத்தனார், சுத்தியலின் காம்பால் சுவரைத் தட்டிக்கொண்டே போய், பொள்ளலாக ஓசை வந்த இடங்களைக் கரியால் வட்டமிட்டுவிட்டுச் சொன்னார்: “அண்ணாச்சி, பழைய காரையக் கொத்தி எடுக்காம மேல பூசினா, புதுசும் பழசோட சேந்து வந்துரும்.” இதற்குமேல் ஒரு வரையறை வேண்டாம் என்றே நினைக்கிறேன். அவர் கொத்திய பரப்பில் அமிலம் விட்டுக் கழுவி, பிடிப்புப் பூச்சு ஒன்று கொடுத்து, அதன்மேல் அரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவான கனத்தில் புதிய காரையை இழைத்தார்.

நாகர்கோவில் நண்பரின் ‘அகணி’யைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். பனை மட்டையின் உட்புறத்து நாரை அகணி என்றும் வெளிப்புறத்து நாரைப் புறணி என்றும் பிரித்துச் சொல்வது உடன்குடி, திருச்செந்தூர்ப் பனங்காட்டு மக்களுக்குக் கைவந்த வழக்கு. அந்தச் சொல்லைக் கண்டதும் மனம் மகிழ்ந்தேன். ஆனாலும் காரைக்கும் வண்ணத்துக்கும் அது பொருந்தவில்லை, ஏனெனில் அகணி உரித்தெடுக்கும் நாரே தவிரப் பூசும் பொருள் அன்று. குளத்தின் உள்ளே ஒரே விரிப்பாக இறக்கிப் பொருத்தும் வினைல் தாளுக்கு அதை வைத்துக்கொள்வோம். தேய்ந்தால் உரித்தெடுத்து வேறொன்றை இறக்குகிறார்கள் என்பதால் ‘அகணி மாற்று’ அங்கே அச்சாகப் பொருந்துகிறது.

பழையதை எடுக்காமல் அதன்மேலேயே அடிப்பதற்கும் ஒரு பெயர் வேண்டும், ஏனெனில் அதுவும் முறையான வேலையே. அடியிலுள்ள காரை உறுதியாக இருந்து, ஈரம் வற்றியிருந்தால் எபாக்சி சில ஆண்டுகள் நன்றாக நிற்கும். ஈரத்தை அறிய எளிய வழி உண்டு. ஒன்றரை அடிச் சதுரமான பாலிதீன் தாளின் நான்கு ஓரத்தையும் சுவரில் ஒட்டி, 16 மணி நேரம் கழித்து உரித்துப் பார்த்து, உட்புறம் வியர்த்திருந்தால் அடிக்கக் கூடாது. இந்த வேலையை ‘மேல்பூச்சு’ என்று சொல்லலாம். மதிப்பீட்டுத் தாளில் ‘மேல்பூச்சு’ என்றும் ‘உட்பூச்சு மாற்று’ என்றும் இரண்டு வரிகள் இருந்திருந்தால், அத்தான் எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்பதை அறிந்தே கொடுத்திருப்பார்.

இதனோடு ஒட்டிய ஒரு சொல்லையும் இப்போதே தீர்த்துவிடலாம். பூசியதை இறுகிக் கெட்டியாக விடும் ‘க்யூரிங்’ என்பதற்கு நம் பட்டியலில் ‘நீராற்றுதல்’ என்று இருக்கிறது. காரைக்கு அது சரி. பூசி முடித்ததும் குளத்தை இடைநிறுத்தாமல் நிரப்பிவிடுவார்கள், நீருக்கடியிலேயே அது இறுகும், நடுவில் நிறுத்தினால் சுவரில் நீர்க்கோடு விழும். எபாக்சிக்கோ நேர்மாறு: நீர் படாமல் ஐந்து முதல் ஏழு நாள் வரை காயவிட்ட பிறகே நிரப்ப வேண்டும். அதற்கு ‘நீராற்றுதல்’ என்று எழுதினால், படித்தவர் அதை நம்பித் தண்ணீர் தெளித்துவிடுவார். ஆகவே பொதுச்சொல்லாக ‘இறுகவிடுதல்’ என்று வைத்து, நீராற்றுதலைச் சிமென்டு வேலைக்கு மட்டும் ஒதுக்க வேண்டும்.

கடைசியாக, என்னிடமிருந்து ஒரு புதிய சொல். அந்தக் கொத்தனார் சித்திரையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் வெயில் மட்டும் அன்று. சித்திரை கழிந்து, கார் பருவ நெல் சாகுபடிக்குக் கால்வாயில் தண்ணீர் திறந்துவிட்டால் அக்கம்பக்கத்துக் கிணறுகளில் ஊற்று ஏறும். அப்போது குளத்தை வெறுமையாக வைத்திருந்தால், கீழிருந்து வரும் நீர் அதை மேலே தள்ளும். நிலத்தடி நீர் தளத்தின் அடிமட்டத்துக்கு ஒரு மீட்டர் மேலே நின்றாலே, அத்தானுடையதைப் போன்ற அளவுள்ள குளத்தை 26 டன்னுக்கு மேற்பட்ட விசை தூக்கும். தளம் விரிசல் விடும், சில இடங்களில் குளமே கிளம்பிவிடும். இந்த விசைக்கு ‘நீர்நிலை அழுத்தம்’ என்று நாம் எழுதி வருவது, குளத்துக்குள் நிற்கும் நீரின் அழுத்தத்தையும் குறித்துக் குழப்புகிறது. கீழிருந்து மேலே தள்ளுவதற்கு மட்டும் ‘ஊற்றழுத்தம்’ என்று வைக்கலாமா? கிணறு வெட்டத் தெரிந்தவர்கள் குழுவில் இருவர் இருக்கிறீர்கள். உங்கள் கருத்தை அறிந்தபின் பட்டியலில் சேர்க்கிறேன்.