கரித்துளைகளுக்குள் டைட்டானியம் டைஆக்சைடு போகாமல் தனியாகத் திரள்கிறது: உதவி தேவை

கேள்வி:
வணக்கம். கிளர்வுற்ற கரித்தூளில் டைட்டானியம் டைஆக்சைடு பூசப் பார்க்கிறேன். கரியை எத்தனாலில் கலக்கி, ஆக்சைடாக மாறும் மூலத் திரவமான டைட்டானியம் ஐசோபுரொப்பாக்சைடைச் சொட்டுச் சொட்டாக விட்டு, அப்புறம் தண்ணீர் சேர்க்கிறேன். உடனே வெள்ளையாகத் திரண்டுவிடுகிறது. கழுவினால் அதில் பெரும்பகுதி பிரிந்து போகிறது. மிச்சத்தைக் காற்றில் 450 டிகிரி செல்சியஸில் சுட்டால் எடையும் மிகவும் குறைகிறது, பிஇடி பரப்பும் (வாயு உறிஞ்சலை வைத்து அளக்கும், ஒரு கிராமுக்கான பரப்பளவு) விழுகிறது. எங்கே சிக்கல்?

பதில் 1:
ஐசோபுரொப்பாக்சைடு ஈரம் பட்டதும் வினைபுரிந்துவிடும். துளைக்குள் சேருமுன் வெளியிலேயே ஆக்சைடாகிவிடுகிறது. 2 நானோமீட்டருக்கும் குறுகிய துளையில் அந்தத் திரள் நுழையாது, வாயைத்தான் அடைக்கும்.

கரியை 120 டிகிரியில் இரவு முழுக்க உலர்த்துங்கள்; காற்றிலுள்ள ஈரத்தையும் அது நிறைய உறிஞ்சி வைத்திருக்கும். நீரற்ற எத்தனால் கட்டாயம். ஐசோபுரொப்பாக்சைடுடன் முதலில் அதே மோல் அளவு அசிட்டைல் அசிட்டோனைச் சேருங்கள். கரைசல் மஞ்சளாகும், வினையின் வேகம் தணியும். கரியைப் போட்டுச் சில மணி நேரம் கலக்கிய பின், தண்ணீர் ஊற்றாமல் வடிகட்டி, நீரற்ற எத்தனாலால் ஒரே ஒரு முறை லேசாக அலசுங்கள். துளைக்கு வெளியே நிற்கும் கரைசல் இதில் போய்விடும், இந்தப் படிதான் முக்கியம். அப்புறம் ஈரக்காற்றில் வைத்தால் நீராவி மெல்ல உள்ளே போய் வினையை முடிக்கும்.

கேட்டவர்:
மிக்க நன்றி. கரியை முன்கூட்டியே நைட்ரிக் அமிலத்தில் ஊற வைக்கலாமா? சுடுவதை எப்படி மாற்றுவது?

பதில் 1:
லேசாகச் செய்யலாம். கரிப்பரப்பில் கார்பாக்சில் (COOH) தொகுதிகள் உருவாகும், டைட்டானியம் அவற்றில் நன்றாகப் பிடித்துக்கொள்ளும். அமிலமும் சூடும் கூடிப்போனால் துளைச்சுவர்களே சிதையும்.

பதில் 2:
எடை குறைவது கரி எரிவதால். நைட்ரஜன் ஓட்டத்தில் நிமிடத்துக்கு 2 டிகிரி வீதம் 450 வரை ஏற்றுங்கள், அனட்டேஸ் என்ற டைட்டானியம் டைஆக்சைடின் படிக வடிவம் கிடைக்கும். நன்றாக ஆறும்வரை நைட்ரஜனை நிறுத்தாதீர்கள். சூடான கரியில் காற்று பட்டால் பற்றிக்கொள்ளும்.

பிஇடி எண்ணை அப்படியே ஒப்பிடவும் கூடாது. 1000 சதுர மீட்டர் தரும் ஒரு கிராம் கரியின் இடத்தில் 30 சதவீதம் ஆக்சைடு இருந்தால், துளை எதுவும் அடைபடாமலேயே எண் 700 பக்கம் வரும். ஆக்சைடின் அளவு தெரிய, கொஞ்சம் மாதிரியைக் காற்றில் முழுக்க எரித்து மிச்சத்தை எடை போடுங்கள். வெறும் கரியின் சாம்பலைக் கழித்துவிடுங்கள். எக்ஸ்ஆர்டியில் (எக்ஸ் கதிர் சிதறும் கோணங்களை வைத்துப் படிகத்தை அறியும் சோதனை) அனட்டேஸின் 25.3 டிகிரி கோணத்து முகடு கரியின் அகலமான மேட்டோடு கலந்துவிடும், 48 டிகிரி முகட்டையும் சேர்த்துப் பாருங்கள்.