14 வருஷ அனுபவம், கடைசி ரவுண்ட்ல ரிஜெக்ட், அடுத்து என்ன செய்யட்டும்?

புதுசா வந்தவன்:
எல்லாருக்கும் வணக்கம். பேக்எண்ட் டெவலப்பர், 14 வருஷம். குடும்பத்தோட வெளிநாடு வந்து அஞ்சு வாரம் ஆகுது. நாலு ரவுண்ட் போன கம்பெனி, ரெக்ரூட்டர் கடைசி வரைக்கும் நல்லா போகுதுன்னுதான் சொல்லிட்டு இருந்தாங்க, நேத்து சாயங்காலம் ரெண்டு வரில ரிஜெக்ட் மெயில், காரணம் ஒண்ணும் இல்ல. ராத்திரி பூரா தூக்கம் வரல, வீட்டுல இன்னும் சொல்லல. பேமெண்ட் சிஸ்டம் கட்டின டீமையே நடத்தினவன் நான், எங்க தப்பாச்சுன்னே புரியல. அவங்களுக்கே திரும்ப எழுதிக் கேக்கவா, இல்ல ஜூனியர் வேலைக்கு அப்ளை பண்ணிடவா?

பனிநாட்டுக்காரன்:
முதல்ல ரெஸ்யூம மாத்துங்க தம்பி. நான் வந்தப்ப அஞ்சு பக்கத்துக்கு வச்சிருந்தேன், ஒரு போன் கூட வரல, ரெண்டு பக்கமா சுருக்கின பிறகுதான் கூப்பிட ஆரம்பிச்சாங்க. அதுக்குள்ள ஏழு மாசம் ஓடிப்போச்சு. அந்த ஏழு மாசத்த நெனச்சா இன்னும் வயித்த கலக்கும்.

ராத்திரி ஷிப்ட்:
கோடிங் பழக்கம் விட்டுப்போயிருக்கும், அதான் காரணம். தினம் ரெண்டு கணக்கு, மூணு மாசம் போடுங்க. எனக்கு அப்படித்தான் கிடைச்சுது.

ரெண்டாவது இன்னிங்ஸ்:
நாலாவது ரவுண்ட் வரைக்கும் போனவருக்கு ரெஸ்யூமும் கோடிங்கும் எப்படிங்க பிரச்சனையா இருக்கும்? நான் மூணு மாசம் கணக்கு போட்டு வேஸ்ட் பண்ணவன், அதனால சொல்றேன். என்னைக் கேட்டா ஜூனியர் வேலைக்கே போயிடுங்க, உள்ள நுழைஞ்சுட்டா மேல வந்துடலாம்.

பனிநாட்டுக்காரன்:
ஜூனியருக்குப் போனா அனுபவம் ஜாஸ்தின்னு ரிஜெக்ட் பண்றாங்க, சீனியருக்குப் போனா உள்ளூர் அனுபவம் இல்லன்னு சொல்றாங்க. 14 வருஷ உழைப்ப 45 நிமிஷத்துல எடை போடுறது என்ன நியாயம்?

ராத்திரி ஷிப்ட்:
உண்மைங்க. பாதி பேனல் கேமராவக் கூட ஆன் பண்றதில்ல. நாம யாருகிட்ட பேசுறோம்னே தெரியாது.

பேனல் அக்கா:
எல்லாருக்கும் மனசு வலிக்குது, புரியுது, ஆனா கேட்டவரு இன்னும் தவிச்சுட்டு நிக்கிறாரு. நான் ஆறு வருஷமா அந்தப் பக்கம் உக்காந்து இன்டர்வியூ எடுக்குறவ. தம்பி, மூணு விஷயம் சொல்லுங்க: விசாவுக்கு கெடு ஏதாவது இருக்கா, எந்த ரவுண்ட்ல சறுக்குன மாதிரி இருந்துச்சு, என்ன கேட்டாங்க?

புதுசா வந்தவன்:
அத எழுதியிருக்கணும், மன்னிச்சுக்கோங்க அக்கா. விசா மனைவியோட வேலைல வந்தது, எனக்கும் வேலை செய்ய அனுமதி இருக்கு, கெடு இல்ல. சறுக்குனது சிஸ்டம் டிசைன் ரவுண்டா இருக்கும், ஒரு சாஃப்ட்வேர் சிஸ்டத்த எப்படிக் கட்டுவீங்கன்னு கேப்பாங்களே, அது. நோட்டிஃபிகேஷன் சர்வீஸ் ஒண்ணு டிசைன் பண்ணச் சொன்னாங்க. நான் உடனே காஃப்கா (நிறைய மெசேஜ வாங்கி வரிசையா அனுப்புறது), ரெடிஸ் (டேட்டாவ மெமரிலயே வச்சு வேகமா தர்றது)னு படம் போட ஆரம்பிச்சுட்டேன், எங்க பழைய சிஸ்டம் அப்படித்தான் இருந்துச்சு. பாதில, செகண்டுக்கு எத்தன மெசேஜ் வரும்னு கேட்டாங்க. எவ்ளோ வந்தாலும் ஸ்கேல் பண்ணி, சிஸ்டத்தப் பெருசாக்கிக்கலாம்னு சொன்னேன்.

பேனல் அக்கா:
அந்த இடம்தான். ஒரு நாளைக்கு 86,400 செகண்ட். ஒரு நாளைக்கு 10 லட்சம் மெசேஜ்னா செகண்டுக்கு சராசரி 12தான், பீக்ல, அதாவது ரொம்ப பிஸியான நேரத்துல, அஞ்சு மடங்கு வந்தாலும் 60, டேட்டாபேஸ் டேபிள் ஒண்ணையே க்யூவா, அதாவது மெசேஜ் காத்திருக்குற வரிசையா, வச்சு ஓட்டிடலாம், காஃப்கா தேவையே இல்ல. அதே 10 கோடின்னா சராசரி 1,160, பீக்ல 6,000 பக்கம் போகும், அப்ப பேச்சே வேற. படம் போடுறதுக்கு முன்னாடி இந்தக் கேள்விய நீங்க கேட்டிருக்கணும், சீனியர்கிட்ட நாங்க முதல்ல பாக்குறதே அதத்தான்.

இன்னொண்ணு. க்யூ ரீட்ரை பண்ணா, அதாவது மறுபடி அனுப்பினா, ஒரே மெசேஜ் ரெண்டு தடவ போக வாய்ப்பிருக்கு. பேமெண்ட்ல ரெண்டு தடவ பணம் எடுக்காம இருக்க ஐடெம்பொட்டன்சி கீ (ஒரே வேலை திரும்ப வந்தா அடையாளம் கண்டு தடுக்குற தனி நம்பர்) வச்சிருப்பீங்களே, அத இங்க சொன்னீங்களா?

புதுசா வந்தவன்:
அய்யோ, இல்லக்கா. அத எழுதினதே நான்தான். அங்க ஞாபகத்துக்கே வரல. "நாங்க பண்ணோம்"னு பொதுவாவே பேசிட்டு இருந்தேன்.

பேனல் அக்கா:
அந்த "நாங்க"வும் உங்கள மறைச்சுடுச்சு. டீம் செஞ்சத டீம் செஞ்சதுன்னு சொல்லுங்க, நீங்க எடுத்த முடிவ நான் எடுத்தேன்னு சொல்லுங்க, எத விட்டுக்கொடுத்து எத எடுத்தீங்கன்னும் சேத்துச் சொல்லுங்க. இன்னைக்கே உக்காந்து அந்த நாலு ரவுண்ட்லயும் கேட்டது, நீங்க சொன்னது எல்லாத்தையும் ஞாபகம் இருக்குற வரைக்கும் எழுதிடுங்க, ரெண்டு நாள் போனா பாதி மறந்துடும். ரெக்ரூட்டருக்கு நன்றி சொல்லி, எந்த ரவுண்ட்ல இன்னும் நல்லா பண்ணியிருக்கலாம்னு ஒரு வரி கேளுங்க, வாதாட வேண்டாம். வழக்குப் பயத்துல நிறைய கம்பெனி எழுத்துல காரணம் தராது, போன்ல சில பேர் சொல்லுவாங்க. திரும்ப அப்ளை பண்ண பல இடத்துல ஆறு மாசம், ஒரு வருஷம் காத்திருக்கணும், அதையும் கேட்டு வச்சுக்கோங்க. ஜூனியர் இப்ப வேண்டாம், அப்படித் தேவைப்பட்டா ஒரு படி மட்டும் கீழ பாருங்க. வீட்டுலயும் இன்னைக்கே சொல்லிடுங்க தம்பி.

புதுசா வந்தவன்:
சொல்லிட்டேன் அக்கா, இப்பதான். வர்ற புதன்கிழமை வேற ஒரு இடத்துல டிசைன் ரவுண்ட் இருக்கு.

பேனல் அக்கா:
அப்ப சனிக்கிழமை சாயங்காலம் ஒரு மணி நேரம் வாங்க, நான் பேனலா உக்காருறேன். கேள்விய முன்னாடியே சொல்ல மாட்டேன்.